வழக்கமான கண் பரிசோதனைக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணில் வலியோ சிவப்போ இல்லாதபோதும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டிய முழுமையான கண் பரிசோதனையைப் பற்றிய கேள்விகள் இவை. வீட்டுப் பெரியவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்த ஆண்டுகளில், அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், கேட்கத் தயங்கிப் பின்னர் அவதிப்பட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை யாரும் கொள்ள வேண்டாம். அவர் முன் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிட்டுப் போனால் போதும்.

கண்ணாடிக் கடையிலேயே கம்ப்யூட்டரில் பவர் பார்த்துவிடுகிறார்களே, பிறகு எதற்குத் தனியாக ஒரு பரிசோதனை?

கடையில் இருக்கும் கருவி, கண்ணுக்குள் செலுத்தப்படும் ஒளி எப்படி வளைகிறது என்பதை அளந்து, எந்த லென்ஸைப் போட்டால் எழுத்து தெளியும் என்பதை உத்தேசமாகச் சொல்கிறது. அது பயனுள்ள வேலைதான். ஆனால் கண்ணின் உள் அழுத்தம் எவ்வளவு, பார்வை நரம்பு ஆரோக்கியமாக இருக்கிறதா, விழித்திரையில் இரத்தக் கசிவு உண்டா என்பவற்றை அந்தக் கருவி பார்ப்பதில்லை. பார்வையைத் திரும்பப் பெற முடியாதபடி பறிக்கும் நோய்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

என் தந்தையார் பத்தாண்டுகளுக்கும் மேலாக இரண்டாண்டுக்கு ஒருமுறை தவறாமல் கண்ணாடி மாற்றியவர். ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரை படித்துவிடுவார். ‘பவர் கொஞ்சம்தான் மாறியிருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நடக்கும்போது இடப்பக்கக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கியபோது, வயதாகிவிட்டதால் நடை தடுமாறுகிறது என்றே நாங்கள் நினைத்தோம். மருத்துவமனையில் முழுமையாகப் பார்த்தபோதுதான், கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் அவருடைய பக்கவாட்டுப் பார்வையின் பெரும்பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது தெரிந்தது. இந்நோய் வலிக்காது, நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைக்கும், அதனால் எழுத்தட்டையைப் படிக்கும் திறனை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. இழந்த பார்வை சிகிச்சையால் மீளாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்?

எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் கூட 40 வயதை ஒட்டி ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வெள்ளெழுத்து தொடங்கி, செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் வயது அதுதான் என்பதால், கண்ணாடிக்காக எப்படியும் போக வேண்டியிருக்கும். அந்த ஒரு பயணத்தையே முழுப் பரிசோதனையாக மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், 60 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை. சர்க்கரை நோயாளிகள், நெருங்கிய உறவில் கிளாக்கோமா உள்ளவர்கள், அதிகமான கிட்டப்பார்வை உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவர் குறித்துத் தரும் இடைவெளியைப் பின்பற்ற வேண்டும்.

எந்த அறிகுறி வந்தால் முறை வரும் வரை காத்திருக்கக் கூடாது?

திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குவது, மின்னல் வெட்டுவதுபோல ஒளிக்கீற்றுகள் தெரிவது, கரும்புள்ளிகள் கொத்தாகப் பறப்பது, பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்குவதுபோல மறைப்பது, கண் சிவந்து தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வருவது ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்போ அமிலமோ வேறு இரசாயனமோ கண்ணில் பட்டால், மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கும் முன்பாக, சுத்தமான குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடங்களாவது விடாமல் கழுவ வேண்டும்.

எவற்றையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?

இப்போது அணியும் கண்ணாடிகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று, கடைவீதியில் நூறு ரூபாய்க்கு வாங்கிய ரெடிமேட் கண்ணாடி ஒன்று என்று மூன்றிருந்தால் மூன்றையும்தான். அவற்றின் பவரை ஒரு சிறு கருவியில் வைத்து அளந்து, புதிய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பழைய கண்ணாடிச் சீட்டு, முன்பு கண் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அப்போது தந்த டிஸ்சார்ஜ் சுருக்கம், கண்ணுக்குள் வைத்த லென்ஸின் விவரம் எழுதிய சிறிய அட்டை ஆகியவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். பழைய அளவுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் கண் எந்தத் திசையில் மாறிக்கொண்டிருக்கிறது என்பது மருத்துவருக்குப் புலப்படும்.

இவற்றோடு வெயில் கண்ணாடி ஒன்றையோ, இல்லாவிட்டால் குடை ஒன்றையோ கொண்டு செல்லுங்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கண் மருத்துவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

உடம்பின் வேறொரு நோய்க்குச் சாப்பிடும் மருந்து கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதும், கண்ணுக்கு விடும் மருந்து உடம்பின் வேறொரு நோயைக் கிளறக்கூடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம். மாத்திரையாக எடுத்ததை மட்டுமல்லாமல், அரிப்புக்காகக் கடையில் தாமாக வாங்கி விட்டுக்கொண்ட சொட்டு மருந்தையும் இதில் சேர்த்தே சொல்ல வேண்டும். காசநோய்க்குத் தரப்படும் எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்து, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதைக் குழப்பும். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை எடுப்பவர்கள் முதலாண்டுக்குள் ஒரு பரிசோதனையும், ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ஒரு பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சிறுநீர்த் தடைக்காக ஆண்கள் எடுக்கும் டாம்சுலோசின், கண்புரை அறுவைச் சிகிச்சையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளரச் செய்து சிக்கலை உண்டாக்கும் என்பதால், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அறுவைச் சிகிச்சை நிபுணர் விரும்புவார்.

மறுபுறம், ஆஸ்துமாவும் இதயத் துடிப்புக் கோளாறும் உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் இருக்கவே கூடாது. கண் அழுத்தத்தைக் குறைக்கப் பரவலாகத் தரப்படும் டைமோலால் சொட்டு மருந்து, மூச்சுக்குழாயைச் சுருக்கி, இதயத் துடிப்பையும் குறைக்கக்கூடியது. மருந்துப் பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் போதுமானது.

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கிறார்கள். அதற்கு எப்படித் தயாராவது?

புறப்படுவதற்கு முந்தைய வாரம் அம்மாவிடமோ அத்தையிடமோ ஒருமுறை பேசிவிடுங்கள். ‘தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியவில்லை’ என்று நம் வீடுகளில் பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது கண்புரையா, கிளாக்கோமாவா, சர்க்கரையால் வந்ததா என்று கேட்டவர் யாருமிருக்க மாட்டார்கள். ‘ஆபரேஷனுக்குப் பின் பார்வை திரும்பியதா, வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாரா’ என்று கேட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும். முன்னது கண்புரையையும் பின்னது பெரும்பாலும் கிளாக்கோமாவையும் குறிக்கும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கிளாக்கோமா இருந்தால் நமக்கும் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவுத் திருமணங்களில் சில பரம்பரை விழித்திரை நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், வேறு எந்த நோக்கமும் இல்லை.

வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வழக்கமாக எடுக்கும் மருந்துகளை வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொண்டே செல்லலாம். கிளாக்கோமாவுக்கு ஏற்கெனவே சொட்டு மருந்து விடுபவர்கள் அன்றைக்கும் விட்டுக்கொண்டு, விட்ட நேரத்தைக் குறித்துச் செல்ல வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதைத்தான் அங்கே அளக்கப்போகிறார்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, ஆனால் பார்வை நன்றாகவே தெரிகிறது. நான் எதற்குப் போக வேண்டும்?

நன்றாகத் தெரியும்போது போவதுதான் முக்கியம். சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கெடும்போது, தொடக்க நிலையில் எந்த அறிகுறியும் வெளியே தெரியாது. பார்வை மங்கத் தொடங்கும் கட்டத்தில் நோய் பெரும்பாலும் வெகுதூரம் போயிருக்கும். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசிகளும் இப்போது பலருடைய பார்வையைக் காப்பாற்றுகின்றன என்றாலும், அவை உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உறுதியான உடனேயே முதல் விழித்திரைப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரத்தத்தில் சர்க்கரை தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உடம்புக்குள் வேலையைத் தொடங்கியிருக்கக்கூடும். முதல் வகை என்றால் ஐந்தாண்டுகளுக்குள் தொடங்க வேண்டும். இரு வகையினரும் அதன் பின் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோயுள்ள பெண்கள் கருவுற்றால், முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும். கர்ப்பகாலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமெடுக்கலாம்.

அண்மையில் எடுத்த சர்க்கரை அறிக்கையை, குறிப்பாக மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி முடிவை, கையோடு கொண்டு செல்லுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் கண்ணாடி அளவு எடுக்காதீர்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்து உப்பி, பவரே மாறிவிடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அது பழையபடி சுருங்கும், அப்போது புதிதாகச் செய்த கண்ணாடி பயன்படாமல் போகும். சில வாரங்கள் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு அளவெடுத்தால் செலவு மிச்சம். விழித்திரைப் பரிசோதனைக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதை உடனே செய்துகொள்ளலாம்.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

மென்மையான லென்ஸாக இருந்தால் ஒரு நாள் முன்பே கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு செல்வது நல்லது; லென்ஸ் கருவிழியின் வளைவைச் சற்று மாற்றி வைத்திருக்கும் என்பதால் உடனே எடுக்கும் அளவு பிசகக்கூடும். கடினமான லென்ஸுக்கும், கண்ணாடியை நீக்கும் லேசர் சிகிச்சைக்கான பரிசோதனைக்கும் இன்னும் கூடுதல் நாட்கள் தேவைப்படும். எத்தனை நாள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் பெட்டியையும் அதன் விவரம் அச்சிட்ட உறையையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

கண்மை தீட்டலாமா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? வீட்டு வைத்தியம் ஏதேனும் செய்துவிட்டுப் போகலாமா?

அன்றைக்கு மட்டும் கண்மையையும் இமைப்பூச்சுகளையும் தவிர்க்கவும். மையின் துகள்கள் இமையோரச் சுரப்பிகளை மறைத்துவிடும். அளவெடுக்கும் கருவிகளின் கண்ணாடியிலும் ஒட்டும். எண்ணெய்க் குளியலை முந்தைய நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் கண்ணீரின் தன்மையைப் பார்ப்பது கடினம்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது. அன்போடு செய்வதுதான் என்றாலும், அவற்றில் இருக்கும் கிருமிகள் கருவிழியில் புண்ணை உண்டாக்கலாம். கருவிழிப் புண் ஆறினாலும் தழும்பு நிலைத்துப் பார்வையைக் கெடுக்கும். ஏற்கெனவே விட்டிருந்தால் அதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே என்னதான் நடக்கும்?

அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பதிவுக்குப் பிறகு முதலில் பார்வைத் திறனை எழுத்தட்டையில் பார்ப்பார்கள். பிறகு லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்துப் பவரைத் தீர்மானிப்பார்கள். கண் அழுத்தத்தைக் காற்றை மெல்ல ஊதியோ, மரத்துப்போகும் மருந்து விட்டுச் சிறு முனையால் தொட்டோ அளப்பார்கள். பொதுவாக 10 முதல் 21 வரையுள்ள பாதரச மில்லிமீட்டர் அளவு இயல்பானது என்று கொள்ளப்படுகிறது. இயல்பான அளவுக்குள் இருந்தும் கிளாக்கோமா வருவதுண்டு என்பதால், இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் நரம்பையும் பார்க்கிறார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து ஒளிக்கோட்டைப் பாய்ச்சிக் கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிப் பார்ப்பது அடுத்த கட்டம். அதன் பிறகுதான் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. இவற்றில் எதுவும் வலிக்காது. காற்று படும்போது ஒரு கணம் திடுக்கிடும், மருந்து விடும்போது சில நொடிகள் எரியும்.

அந்தச் சொட்டு மருந்து அவசியந்தானா? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வரிசையில் காத்திருப்பவர்கள் அதிகம் தயங்குவது இந்த இடத்தில்தான். ‘அடுத்த முறை போட்டுக்கொள்கிறேன், இன்றைக்கு வேலை இருக்கிறது’ என்று எழுந்து போய்விடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றும்.

கண்மணி என்பது கண்ணின் உள்ளறைக்கு இருக்கும் ஒரே சாளரம். வெளிச்சம் பட்டால் அது சுருங்கிக்கொள்ளும். உள்ளே பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் பாய்ச்ச வேண்டும், வெளிச்சம் பாய்ச்சினால் சாளரம் மூடிக்கொள்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே சுருக்கும் தசையைச் சிறிது நேரம் செயலற்றதாக்கும் டிரோபிக்கமைடு போன்ற மருந்தை விடுகிறார்கள். நம் ஊர்க் கறுத்த கண்களில் மருந்து மெதுவாகவே வேலை செய்யும். 20 முதல் 30 நிமிடங்கள் கண்ணை மூடி உட்கார வேண்டியிருக்கும், சிலருக்கு இரண்டாம் மூன்றாம் முறையும் விட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகே விழித்திரையின் ஓரங்கள் வரை பார்க்க இயலும். கிழிசல்கள் பெரும்பாலும் தோன்றுவது அந்த ஓரங்களில்தான்.

எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் மருந்து விட வேண்டிய தேவை இருக்காது. அதை மருத்துவர் சொல்லட்டும். மருந்து விடுமுன் கண்ணின் முன்னறை ஆழமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் அது மிகக் குறுகலாக உள்ள சிலருக்குக் கண்மணி விரியும்போது அழுத்தம் திடீரென ஏறக்கூடும். இது அரிது. இருந்தாலும் வீடு திரும்பிய பின் கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், குமட்டல் ஆகியவை தோன்றினால், இரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். இரத்த அழுத்தம் மிக அதிகமாக உள்ளவர்களும் இதய நோயாளிகளும் சொட்டு மருந்துக்கு முன் அதை நினைவூட்ட வேண்டும். விரிக்கும் மருந்துகளில் ஒன்றான ஃபினைலெஃப்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

பரிசோதனை முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வரலாமா?

கூடாது. அருகிலுள்ளவை மங்கும், வெயில் கண்ணைக் குத்தும், எதிரே வரும் வாகனத்தின் விளக்கு பூதாகரமாகத் தெரியும். இந்த விளைவு பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கும். உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அல்லது பேருந்திலோ ஆட்டோவிலோ திரும்புங்கள். அன்று கணக்கு எழுதுவது, தையல் இயந்திரத்தில் உட்காருவது, பத்திரங்களைப் படித்துக் கையெழுத்திடுவது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பார்வையை எப்படி அளப்பார்கள்? 6/6 என்றால் என்ன?

எழுத்துத் தெரியாதது தடையே இல்லை. கால்கள் நான்கு திசைகளில் திரும்பியிருக்கும் ஒரு வடிவத்தைக் காட்டி, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டச் சொல்வார்கள். தமிழ் எழுத்துகள் கொண்ட அட்டைகளும் நம் மருத்துவமனைகளில் உள்ளன. ஆங்கில எழுத்துகள் தடுமாற்றம் தந்தால் தமிழ் அட்டையைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். அங்கே அளப்பது பார்வையை மட்டுமே.

பார்வையை 6/6 என்பதுபோல இரண்டு எண்களால் குறிப்பது, நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்த முறை. முதல் எண் நீங்கள் நிற்கும் தொலைவு, 6 மீட்டர். இரண்டாம் எண், இயல்பான கண் அதே வரியை எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கும் என்பது. எனவே 6/60 என்றால், இயல்பான கண்ணுக்கு 60 மீட்டரில் தெரியும் எழுத்தைக் காண நீங்கள் 6 மீட்டருக்கு வர வேண்டியிருக்கிறது என்று பொருள்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்காதீர்கள், விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், முன்னால் இருந்தவர் படித்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். உண்மையான அளவைவிடக் கூடுதலாகப் பதிவானால் இழப்பு உங்களுக்குத்தான்.

‘இது தெளிவா, அது தெளிவா’ என்று மாற்றி மாற்றிக் கேட்கும்போது குழப்பமாக இருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டால்?

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்பதே சரியான விடை. அதுவரை வைத்த லென்ஸ் பொருத்தமாக இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அவசரம் வேண்டாம், கண்ணை இமைத்துவிட்டு மறுபடியும் காட்டச் சொல்லலாம். எழுத்து பெரிதாகத் தெரிவதும் கறுப்பாகத் தெரிவதும் வேறு, தெளிவாகத் தெரிவது வேறு. தெளிவை மட்டும் சொல்லுங்கள். உங்கள் வேலை என்ன என்பதையும் கேளாமலே தெரிவிக்கலாம். நெசவாளருக்கும் லாரி ஓட்டுநருக்கும் நாள் முழுதும் கணினித் திரையைப் பார்ப்பவருக்கும் கண்ணாடி வேலை செய்ய வேண்டிய தொலைவு வெவ்வேறு.

குழந்தைகளை எப்போது, எப்படி அழைத்துச் செல்வது?

பள்ளியில் சேர்க்கும் முன், மூன்று வயதை ஒட்டி ஒருமுறை காட்டிவிடுவது சிறந்தது. ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் குழந்தை நல்ல கண்ணை வைத்தே சமாளித்துக்கொள்ளும். பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. பயன்படாத கண்ணின் காட்சியை மூளை படிப்படியாகக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் இந்நிலையை ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் கண்ணாடியாலும் நல்ல கண்ணை மூடிப் பழக்குவதாலும் பெரும்பாலும் சரிசெய்யலாம். பிற்பாடு மிகக் கடினம். மாறுகண்ணை ‘அதிர்ஷ்டம்’ என்று விட்டுவிடுவதும் அதே இழப்பில்தான் முடிகிறது.

இரண்டு சூழல்களில் வழக்கமான பரிசோதனை வரை காத்திருக்கவே கூடாது. 34 வாரங்களுக்கு முன்பு பிறந்த, அல்லது பிறந்தபோது 2,000 கிராமுக்குக் குறைவாக எடை இருந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகவும் முன்கூட்டியே பிறந்திருந்தால் அதற்கும் முன்னதாகவே பார்க்க வேண்டும். அடுத்து, புகைப்படத்திலோ மங்கிய வெளிச்சத்திலோ குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல வெள்ளையாக மின்னினால், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் அன்றே காட்ட வேண்டும்.

குழந்தையின் கண் தொடர்ந்து குவிந்து தளர்ந்துகொண்டே இருப்பதால், உண்மையான பவரைக் காண வலுவான மருந்து தேவைப்படும். சிலருக்கு அட்ரோபின் களிம்பைக் கொடுத்து, சில நாட்கள் வீட்டிலேயே இட்ட பின் வரச் சொல்வார்கள். அதன் விளைவு ஒன்றிரண்டு வாரங்கள் வரை நீடிக்கலாம் என்பதால் தேர்வு நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். களிம்பிட்டதும் முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். முந்தைய நாள் வீட்டில் ஒரு கண்ணைக் கையால் மூடிப் படம் பார்க்கும் விளையாட்டை விளையாடினால் குழந்தை பயமின்றி ஒத்துழைக்கும். ‘ஊசி போட்டுவிடுவார்’ என்று மிரட்டி மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள்.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது’ என்று அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வீட்டில் கண்டவற்றை மெல்லச் சேர்த்துச் சொல்லுங்கள். படியில் கால் வைக்கத் தயங்குவது, தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவது, மாலையானால் வெளியே போகாமலிருப்பது, பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் குழம்புவது எல்லாமே மருத்துவருக்குத் தேவையான செய்திகள். ஆனால் கேள்விகளுக்கு அவர்களையே விடை சொல்ல விடுங்கள்.

செலவுக்குப் பயந்தே தள்ளிப்போடுகிறோம். என்ன வழி?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819 வரை செல்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978-இல் சென்னையில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும், பணம் கட்ட இயலாதவர்களுக்கும் சிகிச்சை அளிப்பதைத் தம் கொள்கையாகக் கொண்டவை. ஊர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கும் இலவசக் கண் முகாம்களும் நல்ல தொடக்கம். ஆனால் முகாமில் ‘மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டைச் சட்டைப்பையிலேயே மடித்து வைத்துவிடாமல் போய்ச் சேர வேண்டும்.

முடிந்து கிளம்பும்போது எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

கண்ணாடிச் சீட்டில் ஸ்பியர் என்ற கட்டத்தில் கழித்தல் குறி இருந்தால் கிட்டப்பார்வை, கூட்டல் குறி இருந்தால் தூரப்பார்வை. சிலிண்டரும் ஆக்சிஸும் கருவிழி வளைவின் சீரின்மைக்கானவை. ஆட் என்பது படிப்பதற்குக் கூடுதலாகச் சேர்க்கும் பவர். புதுக் கண்ணாடி போட்டு ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகும் தரை சாய்ந்து தெரிந்தாலோ தலை வலித்தாலோ சீட்டோடும் கண்ணாடியோடும் திரும்பிச் செல்லுங்கள். பல நேரங்களில் தவறு கண்ணாடி செய்த இடத்தில் இருக்கும்.

சீட்டோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் கண் அழுத்தம் இன்று எவ்வளவு, பார்வை நரம்பும் விழித்திரையும் எப்படி இருக்கின்றன, அடுத்து எப்போது வர வேண்டும். விடைகளை அந்தச் சீட்டின் பின்புறத்திலேயே தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து விட்டிருப்பதால் அப்போது உங்களால் படிக்க முடியாது. உடன் வந்தவர் படித்துச் சரிபார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சீட்டைப் படமெடுத்து வைத்துவிட்டு, மூலத்தைக் குடும்ப அட்டையும் ஆதாரும் இருக்கும் உறையிலேயே சேர்த்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதுதான் முதலில் தேவைப்படும்.